இரண்டாம் வகுப்புக் குழந்தையைப் பள்ளி ஆலோசகரிடம் அனுப்பச் சொல்கிறார்கள்: அவர் அங்கே என்ன செய்வார்?

கேள்வி: பொள்ளாச்சித் தந்தை

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஏழு வயது. முதல் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவளைச் சென்ற ஜூன் மாதம் ஒரு தனியார் ஆங்கிலவழிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்த்தோம். வீட்டில் அவளுக்கு வாய் ஓயாது. பாட்டிக்குக் கதை சொல்வது, தம்பியை அதட்டுவது, பக்கத்து வீட்டு வாசலில் போட்ட கோலத்தில் புள்ளி தப்பியதைக் கண்டுபிடித்துச் சொல்வது என்று நாள் முழுவதும் பேச்சுத்தான். ஆனால் பள்ளி வாசலைத் தாண்டியதும் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை என்று வகுப்பாசிரியை கூறுகிறார். வருகைப்பதிவின்போது பெயரைக் கூப்பிட்டால் கையை மட்டும் உயர்த்துகிறாள். ஐந்து மாதங்கள் ஆகிவிட்டன.

சென்ற வாரம் அவளுடைய டைரியில், பள்ளி ஆலோசகரைப் பெற்றோர் வந்து சந்திக்க வேண்டும் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அதைப் படித்த நாளிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. பெண் குழந்தைக்கு இப்படி ஒரு பெயர் வந்துவிட்டால் பிறகு அழிக்க முடியாது என்று என் தாயார் சொல்கிறார். வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாமா என்று என் மனைவி கேட்கிறார். நான் படித்த காலத்தில் தலைமையாசிரியர் அறை ஒன்றுதான் உண்டு. ஆலோசகர் என்று ஒருவரை நான் பள்ளியில் பார்த்ததே இல்லை. ஆகவே எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

பேசவே மறுக்கும் குழந்தையிடம் ஓர் ஆலோசகர் என்னதான் செய்வார்? நாங்கள் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? இது மாற்றுச் சான்றிதழிலோ வேறு பதிவிலோ ஏறி, பிற்காலத்தில் அவளுக்கு இடையூறாகுமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: தொடக்கப்பள்ளி ஆலோசகர், சென்னை

ஐயா, பதினொரு ஆண்டுகளாக ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள குழந்தைகளோடு மட்டுமே பணிபுரிந்து வருகிறேன். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அந்த அச்சம் விலகாமல் மற்றவை மனத்தில் பதியாது. மாற்றுச் சான்றிதழில் ஆலோசகரைச் சந்தித்ததைக் குறிப்பிட இடமே கிடையாது. எங்கள் குறிப்புகள் மதிப்பெண் பதிவேட்டோடு சேராமல், தனிக் கோப்பில் பூட்டி வைக்கப்பட வேண்டியவை. உங்கள் பள்ளியில் அவற்றை யார் பார்க்க முடியும் என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். கேட்டதற்காக எந்த நல்ல ஆலோசகரும் வருந்தமாட்டார். அதேபோல, பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் ஒரு குழந்தையோடு தொடர்ந்து தனி அமர்வுகள் நடத்துவது எங்கள் பணி ஒழுக்கத்துக்குப் பொருந்தாது. ஆகவே நீங்கள் மறுக்கலாம். மறுக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

தொடக்கப்பள்ளி ஆலோசகர் மருத்துவர் அல்லர். நோய்க்குப் பெயர் வைப்பது அவர் வேலை இல்லை. ஒழுங்கு நடவடிக்கை எடுப்பவரும் அல்லர். ஏழு வயதுக் குழந்தை நாற்காலியில் அமர்ந்து தன் துயரத்தை எடுத்துரைக்காது. நன்றாகப் பேசும் குழந்தைக்கே அதற்குரிய சொற்கள் அந்த வயதில் வந்திருக்காது. அதனால்தான் எங்கள் அறைகளில் மேசையைவிடத் தரைவிரிப்புக்குப் பயன் அதிகம். களிமண், வண்ணக்குச்சிகள், கைப்பொம்மைகள், சொப்புச் சாமான்கள் ஆகியவை விளையாட்டுக்காக மட்டும் அங்கே வைக்கப்பட்டவை அல்ல. குழந்தை சொப்பில் சமைத்து யாருக்கு முதலில் பரிமாறுகிறது, எந்தப் பொம்மையைக் கதவுக்கு வெளியே நிறுத்துகிறது என்பதெல்லாம் எங்களுக்கு உரையாடல்தான்.

உங்கள் மகளைப் போன்ற குழந்தையை முதல் இரண்டு வாரங்கள் நான் அறைக்கு அழைக்கவே மாட்டேன். வகுப்பின் கடைசி வரிசையில் உட்காருவேன். மதிய உணவு வேளையிலும் விளையாட்டு நேரத்திலும் சற்றுத் தள்ளி நிற்பேன். அவள் தலையசைக்கிறாளா, விரலால் சுட்டிக் காட்டுகிறாளா, யாராவது ஒரு தோழியின் காதில் கிசுகிசுக்கிறாளா, கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் எப்படித் தெரிவிக்கிறாள் என்று கவனிப்பேன். இந்தக் கடைசி விஷயம் மிக முக்கியமானது. பேச முடியாத குழந்தை, கேட்க முடியாமல் அடக்கிக்கொண்டே இருந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் ஒரு செய்தி என் கவனத்தை ஈர்த்தது. தமிழ்வழியிலிருந்து ஆங்கிலவழிக்கு அவள் மாறியிருக்கிறாள். புதிய மொழிச் சூழலுக்குள் வரும் குழந்தை சில மாதங்கள் கேட்டுக்கொண்டு மட்டுமே இருப்பது இயல்பு. அது குறை அன்று; உள்ளே மொழி சேர்ந்துகொண்டிருக்கும் காலம் அது. ஆகவே நான் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது, தமிழ் பேசும் தோழிகளோடு, ஆசிரியர் இல்லாத இடத்தில், அவள் தமிழில் பேசுகிறாளா என்பதைத்தான். பேசுகிறாள் என்றால் மொழி மாற்றத்தால் வந்த தயக்கமாகவே பெரும்பாலும் இருக்கும். தமிழிலும் பேசவில்லை, பள்ளி வளாகத்தில் உங்களிடம்கூட வாய் திறக்கவில்லை என்றால், செலக்டிவ் மியூட்டிசம் (சொல்லுக்குச் சொல் ‘தேர்ந்த மௌனம்’; சில இடங்களில் மட்டும் பேச முடியாமல் போவது) என்று மருத்துவர்கள் கூறும் நிலையா என்று பார்க்க வேண்டியிருக்கும். பள்ளி தொடங்கிய முதல் மாதத்தை அதற்குக் கணக்கில் சேர்ப்பதில்லை; உங்கள் மகளுக்கு ஐந்து மாதங்கள் ஆகிவிட்டதால்தான் வகுப்பாசிரியை எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். அந்தப் பெயரைக் கேட்டு, குழந்தை பிடிவாதத்தால் மௌனத்தைத் தேர்ந்துகொள்கிறது என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். அது பதற்றம். பேச விரும்பும் குழந்தைக்கே அந்த இடத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதை உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவ உளவியலாளரோ குழந்தை மனநல மருத்துவரோதான். அதற்கு முன்பாகச் செவித்திறனைச் சோதித்துக்கொள்வது நல்லது.

என் வேலை நேரத்தில் பெரும்பகுதி குழந்தையோடு அன்று, குழந்தையைச் சுற்றியுள்ள பெரியவர்களோடுதான் கழிகிறது. "இன்றைக்காவது பேசுவாயா?" என்று வகுப்பின் முன்னால் கேட்க வேண்டாம் என்று ஆசிரியையிடம் சொல்வேன். உரக்க வாசிக்க அவளை எழுப்பாமல், விடையைச் சுட்டிக் காட்டவோ எழுதிக் காட்டவோ இடம் கொடுக்கச் சொல்வேன். ஒருநாள் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டால் வகுப்பே கைதட்டி ஆரவாரம் செய்யக் கூடாது. அந்தக் கைதட்டலே மறுநாள் அவள் வாயை மூடிவிடும். வீட்டிலும் "பேசினால் சாக்லேட்" என்ற பேரம் வேண்டாம். தமிழில் பேசினால் அபராதம், பலகையில் பெயர் எழுதுதல் போன்ற வழக்கம் அந்தப் பள்ளியில் இருந்தால், அதை நிறுத்தும்படி நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்வதும் ஆலோசகரின் கடமை என்றே கருதுகிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டுமன்றி மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது.

பதில் 2: மூன்றாம் வகுப்பு மாணவனின் தாய், திருச்சி

சகோதரரே, சென்ற ஆண்டு இதே டைரிக் குறிப்பு எங்களுக்கும் வந்தது. என் மகன் மதியத்துக்குப் பிறகு வகுப்பில் எதிலும் ஈடுபடுவதில்லை, சிடுசிடுக்கிறான், தலையை மேசைமேல் வைத்துப் படுத்துவிடுகிறான் என்பது புகார். நாங்கள் செல்போனைக் காரணமாக நினைத்தோம். இரவு தூக்கத்தைக் காரணமாக நினைத்தோம். அவனைத் திட்டவும் செய்தோம்.

ஆலோசகர் அம்மையார் அவனிடம் எதையும் விசாரிக்கவில்லை. மூன்று நாட்கள் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தவர், நான்காம் நாள் எங்களை அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மாலையில் வீட்டுக்கு வரும்போது தண்ணீர் பாட்டில் எவ்வளவு காலியாக இருக்கிறது?" எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டிலை மாலையில் அப்படியே கொட்டிக் கழுவிக்கொண்டிருந்தேன். அவன் வேறு எங்காவது குடித்துக்கொள்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு இடைவேளையில் அவனோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே அவர் கூடவே நடந்திருக்கிறார். கழிப்பறைக்குப் போகும் திருப்பம் வந்ததும் அவன் கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டான். ஆண்டுத் தொடக்கத்தில் ஒருநாள் அந்தக் கழிப்பறையின் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டு, மணி அடித்து எல்லோரும் போன பிறகும் அவன் உள்ளேயே இருந்திருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து கழிப்பறைக்குப் போகக் கூடாதென்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருக்கிறான். பகல் முழுவதும் தண்ணீர் இல்லாத எட்டு வயது உடம்பு பிற்பகலில் வேறு எப்படி இருக்கும்?

தாழ்ப்பாளை மாற்றிக் கீழே பொருத்தினார்கள். ஆயாம்மா வெளியே நிற்க ஏற்பாடு செய்தார்கள். ஆறு வாரங்களில் பாட்டில் காலியாக வரத் தொடங்கியது. மாற வேண்டியிருந்தது ஒரு தாழ்ப்பாள்தான், என் பிள்ளையின் குணம் அன்று என்பதை நினைக்கும்போது, அவனைத் திட்டிய நாட்கள் இன்னும் என்னை உறுத்துகின்றன.

ஒரே ஒரு மனக்குறை எனக்கு உண்டு. அவன் வரைந்த படங்களைக் காட்டுங்கள் என்று கேட்டதற்கு, அவனிடம் கேட்டுவிட்டுத்தான் காட்டுவேன் என்று அவர் சொல்லிவிட்டார். பெற்ற தாயிடம் மறைக்க எட்டு வயதுக் குழந்தைக்கு என்ன இரகசியம் இருக்கிறது என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.

பதில் 3: தொடக்கப்பள்ளி ஆலோசகர், சென்னை

திருச்சி அம்மாவின் கேள்வி நியாயமானது. அதற்குச் சுருக்கமாகவேனும் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை நாங்கள் மறைப்பதில்லை. குழந்தைக்கு என்ன சிரமம், அதற்கு என்ன செய்கிறோம், வீட்டில் என்ன மாற வேண்டும் என்பவற்றை முழுமையாகச் சொல்கிறோம். படத்தை மட்டும் அவனிடம் கேட்டுவிட்டுக் காட்டுவதற்குக் காரணம், "நீ வரைந்ததை நான் பார்த்தேன், ஏன் அப்படி வரைந்தாய்?" என்று அன்று இரவே வீட்டில் ஒரு விசாரணை நடந்துவிட்டால் அடுத்த வாரம் அவன் வீடும் மலையும் சூரியனும் மட்டுமே வரைவான்.

இந்த இரகசியக் காப்புக்கு ஓர் எல்லை உண்டு. குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் அங்கே இரகசியம் கிடையாது. பாலியல் துன்புறுத்தல் பற்றி அறிய நேர்ந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பள்ளியின் பெயர் கெடும் என்று தெரிவிக்காமல் விடுவது 21ஆம் பிரிவின் கீழ் தண்டனைக்குரிய குற்றம்; ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம், நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. "இதை யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று நான் எந்தக் குழந்தைக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. "உனக்கு அடி படும், வலிக்கும் என்றால் மட்டும் உதவக்கூடிய பெரியவர் ஒருவரிடம் சொல்வேன்" என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் இதைப் பெரியவர்களைவிடத் தெளிவாகப் புரிந்துகொள்கிறார்கள்.

பதில் 4: தலைமையாசிரியர், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி

மேலே உள்ளவற்றைப் படித்தபோது மகிழ்ச்சியும் ஏக்கமும் சேர்ந்தே வந்தன. என் பள்ளியில் நாற்பத்து மூன்று குழந்தைகள், என்னையும் சேர்த்து இரண்டு ஆசிரியர்கள். ஆலோசகர் என்று எவரும் இல்லை. அந்தப் பணியில் எங்களால் முடிந்த பகுதியை நாங்களே செய்கிறோம்.

காலை உணவுத் திட்டம் வந்த பிறகு எனக்கு ஒரு வழி கிடைத்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்த திட்டம் அது. பசி தீர்ந்தது முதல் நன்மை. பாடம் தொடங்கும் முன்பே குழந்தைகளின் முகத்தை நிதானமாகப் பார்க்க அரை மணி நேரம் கிடைத்தது எனக்கு இரண்டாவது நன்மை. பொங்கலைப் பார்த்ததும் முதல் ஆளாய் ஓடிவரும் பிள்ளை ஒருநாள் தட்டை வெறுமனே கிளறிக்கொண்டிருந்தால், முந்தைய இரவு அந்த வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று நான் தெரிந்துகொள்வேன். அன்று அவனிடம் வாய்ப்பாடு கேட்கமாட்டேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற என்னோடு அழைத்துப்போவேன். வாளியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் நேருக்கு நேர் பார்க்க வேண்டியதில்லை, அதனால் பேசுவார்கள்.

ஆனால் இதற்கு மேல் போக என்னால் இயலாது என்பதையும் உணர்ந்திருக்கிறேன். நான் தேர்வு வைப்பவன், அவன் தந்தையோடு ஒரே தேநீர்க் கடையில் நிற்பவன். என்னிடம் சொன்னது அப்பாவின் காதுக்குப் போய்விடுமோ என்ற அச்சம் அவனுக்கு இருக்கத்தான் செய்யும். அதனால்தான் ஆசிரியரே ஆலோசகராகவும் இருந்துகொள்ளட்டும் என்று யாராவது சொன்னால் நான் உடன்படுவதில்லை.

அரசுப் பள்ளிப் பெற்றோர் எவரேனும் இதைப் படித்தால் அவர்களுக்குச் சில விவரங்கள் பயன்படும். ஒவ்வொரு ஒன்றியத்திலும் உள்ள வட்டார வள மையத்தில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். தலைமையாசிரியர் வழியாக அவர்களை அழைக்கலாம். தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும்போது கண், காது, பேச்சு, வளர்ச்சிக் குறைபாடுகள் குறித்து அவர்களிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அவர்கள் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். கற்றல் குறைபாடும் புற உலகச் சிந்தனையற்ற நிலையும் (ஆட்டிசம்) 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளுள் அடங்கும் என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. குழந்தைக்கு ஆபத்து என்றால் அழைக்க வேண்டிய தொலைபேசி எண் 1098. கல்வி தொடர்பான வழிகாட்டலுக்கு 14417. பெற்றோராகிய உங்களுக்கே மனம் தாங்கவில்லை என்றால் 14416.

பதில் 5: தொடக்கப்பள்ளியில் பணிபுரியும் தமிழர், நியூஜெர்சி

நான் ஆலோசகர் அல்லள், வகுப்பு உதவியாளர். இங்கே கண்ட ஒன்றை மட்டும் பகிர்கிறேன். அமெரிக்காவில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் மூலம் உயர்நிலைப் பள்ளி ஆலோசகர்களுக்கு நிதி வழங்கத் தொடங்கி, 1964இல்தான் அதைத் தொடக்கப்பள்ளிக்கும் விரித்தார்கள். 250 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்பது அந்நாட்டுப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. நடைமுறையில் பல மாநிலங்கள் அந்த அளவை எட்டவில்லை.

எங்கள் பள்ளி ஆலோசகர், ஆண்டு தொடங்கியதும் ஒவ்வொரு வகுப்புக்கும் தாமே செல்கிறார். கோபம் வந்தால் என்ன செய்யலாம், நண்பன் சேர்த்துக்கொள்ளாவிட்டால் யாரிடம் சொல்லலாம் என்று எல்லாக் குழந்தைகளுக்கும் பாடம் நடத்துகிறார். மதிய உணவுக்கு நான்கைந்து குழந்தைகளை மாற்றி மாற்றித் தம் அறைக்கு அழைக்கிறார். அதனால் அந்த அறைக்குப் போவது அங்கே ஒரு செய்தியே இல்லை. போக வாய்ப்புக் கிடைக்காதவர்கள்தான் வருந்துகிறார்கள். பொள்ளாச்சி நண்பர் தம் பள்ளியில் இதைக் கேட்டுப் பார்க்கலாம். சிக்கல் வந்த குழந்தைகளை மட்டுமே அழைக்கும் அறையாக அது இருக்கும்வரை, உங்கள் தாயாரின் அச்சத்தை நான் அறியாமை என்று சொல்லமாட்டேன்.

கேள்வி கேட்டவரின் பதிவு: பொள்ளாச்சித் தந்தை

அனைவருக்கும் என் நன்றி. பதில்களை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். தண்ணீர் பாட்டில் செய்தியைக் கேட்டதும் என் தாயார் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய், பேத்தியின் பையைத் திறந்து பார்த்தார். பாட்டில் பாதி காலியாக இருந்தது. ஆனால் அதன் பிறகு ஆலோசகரைப் பற்றி அவர் எதிர்த்துப் பேசவில்லை.

நேற்று நானும் மனைவியும் ஆலோசகரைச் சந்தித்தோம். உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். ஆசிரியர் வராத நாட்களில் தம்மை வகுப்புகளுக்கு அனுப்பிவிடுவதால் குழந்தைகளைக் கவனிக்க வாரத்தில் இரண்டு பிற்பகல்கள் மட்டுமே கிடைக்கின்றன என்று அவரே வருத்தத்தோடு சொன்னார். இது குறித்துப் பெற்றோர் கூட்டத்தில் நிர்வாகத்திடம் பேசுவது என்று நாங்கள் சில பெற்றோர் முடிவு செய்திருக்கிறோம். மகள் தமிழ் பேசும் தோழிகளோடும் பேசுவதில்லை, ஆனால் ஒரு சிறுமியின் பக்கத்தில் மட்டும் ஒட்டி உட்கார்ந்துகொள்கிறாள் என்பதை அவர் கவனித்து வைத்திருந்தார். செவிப் பரிசோதனைக்கும், கோவையில் ஒரு மருத்துவ உளவியலாளரைப் பார்ப்பதற்கும் எழுதிக் கொடுத்தார்.

வரும் வியாழன் மாலை பள்ளி விட்ட பிறகு, ஆளில்லாத வகுப்பறையில் தாயும் மகளும் மட்டும் அரை மணி நேரம் விளையாட வேண்டும் என்றார். முதல் நாள் அவர் தாழ்வாரத்தில் இருப்பாராம். அடுத்த வாரம் வாசற்படி அருகே. அதற்கடுத்த வாரம் அறையின் மூலையில் தம் வேலையைப் பார்த்துக்கொண்டு. அவர் இருக்கும்போதே மகளின் பேச்சு நின்றுவிடாமல் தொடர வேண்டும் என்பதுதான் நோக்கமாம். வீட்டில் அவள் விரும்பி ஆடும் பல்லாங்குழியைக் கொண்டுபோகலாம் என்று இருக்கிறோம். சென்னை ஆலோசகர் அம்மா, அது பொருத்தமாக இருக்குமா?

பதில் 6: தொடக்கப்பள்ளி ஆலோசகர், சென்னை

மிகவும் பொருத்தம். உங்கள் ஆலோசகர் சொன்ன முறையைத்தான் நானும் பின்பற்றுகிறேன். ஒரு வாரம் அவள் பின்வாங்கினால் அவரும் ஓர் அடி பின்னே போய்விடுவார். அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம்.

உங்கள் மனைவியிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அவளைக் கேள்வி கேட்க வேண்டாம், "எத்தனை காய் இருக்கிறது, சொல்லு" என்று எண்ணவும் சொல்ல வேண்டாம். தாமே உரக்க எண்ணிக்கொண்டு ஆடட்டும். ஆட்டம் சூடு பிடித்த பிறகு, ஒரு குழியில் ஐந்து புளியங்கொட்டை இருக்கும்போது ஆறு என்று தவறாக எண்ணிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் அடுத்த குழிக்குப் போகட்டும். கோலத்தில் தப்பிய புள்ளியைச் சொல்லாமல் இருக்க முடியாத குழந்தை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள்.